கராஜ் கதவைத் தூக்குவது மோட்டார் இல்லீங்க!

டிஸ்கி: நான் கராஜ் கதவு விக்கிறவனும் இல்லை, ரிப்பேர் பண்றவனும் இல்லை. மிச்சிகன்ல பொட்டி தட்டிப் பிழைக்கிற ஆள். ஆனா இந்த விஷயத்துல நம்ம மக்கள் ஏமாறுறதையும், அதைவிட மோசமா கையைக் காலை உடைச்சுக்கப் போறதையும் பார்த்து ரொம்ப நாளா ஒரு புலம்பல் உள்ளே கிடந்தது. அதான் இந்தப் பதிவு. கொஞ்சம் நீளம், பொறுத்துக்கோங்க.

அமெரிக்காவுல வீடு வாங்கின நம்மாளு யாரையாவது நிறுத்தி, "உங்க கராஜ் கதவை மேல தூக்குறது எது?"ன்னு கேட்டுப் பாருங்க. கூரையில தொங்குற மோட்டாரைத்தான் கை காட்டுவார். பட்டனை அமுக்குறோம், அது உறுமுது, கதவு போகுது. வேற என்ன நினைக்க முடியும்?

உண்மை என்னன்னா, ரெண்டு கார் நிறுத்துற 16 அடி அகலக் கதவு சாதாரணமா 150-லிருந்து 250 பவுண்டு இருக்கும். அதாவது 70 கிலோவிலிருந்து 110 கிலோ வரை. மரக்கதவுன்னா இன்னும் கூட. அந்த அரைக் குதிரைசக்தி மோட்டார் இவ்வளவு எடையைத் தினமும் தனியா தூக்குறதுக்காகச் செஞ்சது கிடையாது. அது கதவைக் கொஞ்சம் தள்ளிவிடுது, கொஞ்சம் இழுத்துப் பிடிக்குது, அவ்வளவே. எடையைச் சுமக்கிறது கதவுக்கு மேல, சுவரை ஒட்டி, ஒரு இரும்புக் குழாயில சுத்திக் கிடக்குதே கருப்பா ஒரு சுருள், அந்த ஸ்பிரிங்தான்.

ஊர்ல துலாக் கிணறு பார்த்திருப்பீங்க. ஒரு பக்கம் வாளி, மறுபக்கம் கல்லு. கல்லோட எடையும் வாளித் தண்ணியோட எடையும் கிட்டத்தட்ட சரியாப் போறதால சின்னப் பையன்கூட இறைச்சுடுவான். கராஜ் கதவுல அந்தக் கல்லோட வேலையைத்தான் ஸ்பிரிங் செய்யுது. நல்லா சரி பண்ணி வெச்ச கதவை மோட்டார்லேர்ந்து கழட்டிவிட்டுட்டு ஒத்தக் கையால தூக்கலாம். எங்க வீட்டுல பத்து வயசுப் பொண்ணு தூக்குறா. அப்படித் தூக்க முடியலைன்னா கோளாறு மோட்டார்ல இல்லை, ஸ்பிரிங்குல. இந்த ஒரு விஷயம் புரியாததாலதான் ஸ்பிரிங் தளர்ந்து போன வீட்டுல புது மோட்டார் வாங்கி மாட்டுறாங்க. புது மோட்டாரும் ரெண்டு வருஷத்துல பல்சக்கரம் தேய்ஞ்சு செத்துப் போகுது. அப்புறம் "இந்தக் கம்பெனி மோட்டாரே சரியில்லைப்பா"ன்னு அடுத்த கம்பெனிக்குப் போறாங்க.

ரெண்டு வகை இருக்கு. பழைய வீடுகள்லயும் சின்னக் கதவுகள்லயும் ரெண்டு பக்கத் தண்டவாளத்துக்கு மேல நீளவாக்குல ஒண்ணொண்ணு இருக்கும். கதவு இறங்கும்போது அது இழுபடும், ஏறும்போது சுருங்கும். இது இழு-ஸ்பிரிங், எக்ஸ்டென்ஷன். இன்னொண்ணு நான் மேல சொன்னது, கதவுத் தலைக்கு மேல குழாயில மாட்டினது. அதைச் சுத்தி முறுக்கி வெச்சிருப்பாங்க. இதுக்குப் பேரு டார்ஷன் ஸ்பிரிங். குழாயோட ரெண்டு முனையிலயும் ஒரு டிரம், டிரம்முல கேபிள், கேபிளோட அடிமுனை கதவோட கீழ்மூலையில. ஸ்பிரிங் முறுக்கு அவிழ அவிழ டிரம் சுத்தி கேபிளைச் சுருட்டுது, கதவு மேல வருது.

(மெக்கானிக்கல் படிச்ச மக்களுக்காக ஒரு சின்ன வேடிக்கை: டார்ஷன் ஸ்பிரிங்குல இருக்கிற கம்பி உண்மையில முறுக்கப்படலை, வளைக்கப்படுது. இழு-ஸ்பிரிங்குல இருக்கிற கம்பிதான் முறுக்கப்படுது. பேரு வெச்சவங்க கம்பியைப் பார்க்காம மொத்தச் சுருளைப் பார்த்து வெச்சுட்டாங்க. பரீட்சையில இதைத் தலைகீழா எழுதி மார்க் விட்டவங்க கை தூக்கலாம் :-) )

இப்ப கணக்கு. ஏழு அடி உயரக் கதவுக்குப் பெரும்பாலும் நாலு அங்குல டிரம்தான் போடுவாங்க. ஒரு சுத்துக்குக் கேபிள் பன்னிரண்டரை அங்குலம் ஏறும். ஏழு அடி ஏற ஏழு சுத்துக்குக் கொஞ்சம் கம்மி. கதவு முழுசா மேல போனப்புறமும் கேபிள் தொய்யக் கூடாதுன்னு கூடுதலா முக்கால் சுத்து. ஆக மொத்தம் ஏழரைச் சுத்து. (ஏழரைன்னதும் சிரிக்காதீங்க, நானும் முதல்ல சிரிச்சேன்.) இந்த ஏழரையையும் கையாலதான் ஏத்தணும். ரெண்டு இரும்புக் கம்பியை மாத்தி மாத்திச் சொருகி, கால் கால் சுத்தா, முப்பது தடவை. ஒவ்வொரு தடவையும் எதிர்விசை கூடிக்கிட்டே போகும். கடைசிச் சுத்துல கம்பி கை நழுவினா அது விசிறி மாதிரி சுத்தி வந்து முகத்துலயோ மணிக்கட்டுலயோ இறங்கும்.

எவ்வளவு சக்தி அதுக்குள்ள இருக்குன்னு ஒரு குத்துமதிப்புப் போட்டுப் பார்த்தேன். 90 கிலோக் கதவு, செங்குத்தா நிக்கிறது படுக்கைவாட்டுக்குப் போகும்போது அதோட எடைமையம் சுமார் ஒரு மீட்டர் ஏறுது. அந்த வேலையைச் செய்யுற அளவுக்கு ஸ்பிரிங்குல முறுக்கு ஏத்தி வெச்சிருக்கோம். ஒரு குண்டு ஆசாமி நம்ம இடுப்பு உயரத்துலேர்ந்து நம்ம மேலயே விழுந்தா எப்படி இருக்கும், அந்த அளவு. அது அரை அங்குலக் கம்பி முனை வழியா வருதுன்னா யோசிச்சுக்கோங்க.

சரி, இது ஏன் உடையுது?

இரும்பை மறுபடி மறுபடி வளைச்சா ஒரு நாள் களைச்சுப் போகும். சாதாரணமா வீடு கட்டுறவங்க போடுற ஸ்பிரிங் 10,000 தடவைக்குக் கணக்குப் பண்ணினது. ஒரு தடவைன்னா ஒரு திறப்பு, ஒரு மூடல். நம்ம வீடுகள்ல கராஜ்தான் வாசக்கதவு. முன்வாசல் கொலுவுக்கும் பார்சல்காரருக்கும் மட்டும்தான். ஆபீஸ், பள்ளிக்கூடம், நீச்சல் வகுப்பு, பாட்டு வகுப்பு, கொத்தமல்லி வாங்க ஒரு தடவைன்னு ஒரு நாளைக்கு நாலு தடவை திறந்தா ரெண்டாயிரத்து ஐநூறு நாள்ல பத்தாயிரம் தீர்ந்துடும். ஏழு வருஷம்கூட வராது. "பக்கத்து வீட்டு வெள்ளைக்காரத் தாத்தாவுக்கு இருபது வருஷமா உடையலையே"ன்னா, அவர் வாரத்துக்கு மூணு தடவை திறக்கிறார், அதான்.

உடையுறது பெரும்பாலும் கதவு மூடியிருக்கும்போதுதான். ஏன்னா அப்பதான் முறுக்கு உச்சத்துல இருக்கும். நடுராத்திரி வீட்டுக்குள்ள துப்பாக்கி சுட்ட மாதிரி ஒரு சத்தம். திருடனோன்னு பயந்து போலீசைக் கூப்பிட்டவங்க கதை எல்லாம் உண்டு. காலையில அவசரமாக் கிளம்புவோம், பட்டனை அமுக்கினா கதவு நாலு அங்குலம் எழும்பி நின்னுடும். திரும்பத் திரும்ப அமுக்குவோம். அங்கதான் தப்பு ஆரம்பிக்குது. மேல அண்ணாந்து பாருங்க. சுருளுக்கு நடுவுல ரெண்டு அங்குல இடைவெளி தெரிஞ்சா ஸ்பிரிங் போச்சு. அதோட பட்டனைத் தொடவே தொடாதீங்க, மோட்டாரும் சேர்ந்து போகும். கதவு திறந்திருக்கும்போது ஸ்பிரிங் உடைஞ்சிருந்தா, அந்தச் சிவப்புக் கயிறை இழுத்துடாதீங்க. இழுத்தா மொத்தக் கதவும் தடதடன்னு தரைக்கு வரும். கீழ யாரு நிக்கிறாங்கன்னு அது பார்க்காது.

போன குளிர்காலத்துல எங்க தெருவுல இருக்கிற நெல்லைக்கார அண்ணாச்சி வீட்டுல இதேதான் நடந்தது. காலையில போன் பண்ணினார்.

"ஏ தம்பி, கதவு எந்திரிக்க மாட்டேங்குடே. ஒருத்தன் வந்து பாத்துட்டு ஆயிரத்து இருநூறு டாலருங்கான். கொடுத்துரலாமா?"

"அண்ணாச்சி, கையெழுத்து எதுவும் போட்டுடாதீங்க, இதோ வந்துடறேன்."

போய்ப் பார்த்தா அந்த ஆள் ஒரு பெரிய பட்டியலே எழுதி வெச்சிருந்தான். ஸ்பிரிங், டிரம், கேபிள், பேரிங், பத்து ரோலர், நடு பிராக்கெட், எல்லாம் புதுசு. கூடவே 'ஆயுட்கால உத்தரவாதம்'. விளம்பரத்துல வந்து பார்க்க வெறும் 29 டாலர்னு போட்டிருந்தானாம். மதினி பாவம், உள்ளேர்ந்து "இருக்குறத எல்லாம் மாத்திட்டா நிம்மதியாவது மிஞ்சும்ல?"ன்னு கேட்டாங்க. அவங்களைச் சொல்லிக் குத்தமில்லை. காரு உள்ளே மாட்டிக்கிட்டிருக்கு, வெளிய பத்து டிகிரி பாரன்ஹீட், ஆபீஸ்ல மீட்டிங். அந்த நேரத்துல யாரா இருந்தாலும் கிரெடிட் கார்டை எடுத்து நீட்டத்தான் தோணும். அதை நம்பித்தான் இந்த வியாபாரமே ஓடுது.

ரோலரைக் கையால சுத்திப் பார்த்தோம், நல்லா சுத்துச்சு. கேபிள்ல ஒரு பிரி கூட அறுந்திருக்கலை. உடைஞ்சது ஸ்பிரிங் மட்டும். டேப் எடுத்து உடைஞ்ச ஸ்பிரிங்குல இருபது சுத்தை நெருக்கமா அளந்தேன், நாலரை அங்குலம். இருபதால வகுத்தா கம்பித் தடிமன் 0.225 அங்குலம். உள்விட்டம் ரெண்டு அங்குலம்னு அதோட முனைக் கூம்புலயே எழுதியிருந்தது. மொத்த நீளத்தையும் குறிச்சுக்கிட்டோம். வந்த ஆளை மரியாதையா 29 டாலர் கொடுத்து அனுப்பிட்டு, இந்த மூணு அளவையும் வெச்சுக்கிட்டு வேற ரெண்டு இடத்துக்குப் போன் போட்டோம். அளவைச் சொன்னதும் எதிர்முனைக் குரலே மாறுதுங்க! ரெண்டு ஸ்பிரிங், 25,000 தடவை தாங்குறது, கூலியோட 340 டாலர். சாயங்காலம் வந்து ஒரு மணி நேரத்துல முடிச்சுட்டுப் போனார்.

என் கருத்து என்னன்னு இப்ப சொல்லிடறேன். ரெண்டு கட்சிக்காரங்களோடயும் எனக்குச் சண்டை.

ஒரு கட்சி, "எல்லாத்தையும் நாமளே செய்யலாம்" கட்சி. யூட்யூப்ல பத்து நிமிஷ வீடியோ பார்த்துட்டு ஸ்க்ரூ டிரைவரோட ஏணியில ஏறுற கூட்டம். நானும் குழாய் மாத்துவேன், டைல்ஸ் ஒட்டுவேன், டிஷ்வாஷரைப் பிரிச்சு மேய்வேன். ஆனா டார்ஷன் ஸ்பிரிங்கை மட்டும் தொட மாட்டேன். முடியாதுன்னு இல்லை. சரியான அரை அங்குல முறுக்குக் கம்பி ரெண்டு வாங்கி, கதவைத் தண்டவாளத்தோட சேர்த்துக் கவ்விப் பிடிச்சு, முகத்தை ஒதுக்கி வெச்சு, பொறுமையா செஞ்சா முடியும். செஞ்சவங்க நம்ம மக்கள்லயே இருக்காங்க. என் வாதம் கைப்பழக்கம் பத்தினது. நான் ஏழு வருஷத்துக்கு ஒரு தடவை செய்வேன். அதாவது ஒவ்வொரு தடவையும் முதல் தடவை. டெக்னீஷியன் அதையே ஒரு நாளைக்கு நாலஞ்சு தடவை செய்யுறார். குழாய் மாத்தும்போது தப்பு பண்ணினா தண்ணி ஒழுகும். இங்க தப்பு பண்ணினா எமர்ஜென்சி ரூம். மிச்சமாகுற நூத்தம்பது இருநூறு டாலர் அங்க வாசல்ல கார் நிறுத்தக்கூடப் பத்தாது.

இன்னொரு சங்கதி. கம்பித் தடிமன் கொஞ்சம் மாறினாலும் பலம் ஏகத்துக்கு மாறும். நாலாவது அடுக்குல ஏறும் அது. 0.225-க்குப் பதிலா 0.250 கம்பி, அதே விட்டம், அதே சுத்து எண்ணிக்கைன்னு போட்டா பலம் ஒன்றரை மடங்கு. கண்ணால பார்த்தா ரெண்டும் ஒண்ணு மாதிரிதான் இருக்கும். ஆன்லைன்ல 'கிட்டத்தட்ட' அளவு வாங்கி மாட்டினா கதவு ராக்கெட் மாதிரி மேல போகும், இல்லை குண்டு மாதிரி கீழ வரும்.

அடுத்த கட்சி, "நமக்கெதுக்கு, காசைக் கொடுத்தா செஞ்சுட்டுப் போறான்" கட்சி. இவங்க மேலதான் எனக்குக் கோபம் அதிகம். வேலையைச் செய்ய வேண்டாம், சரி. தெரிஞ்சுக்கக்கூட வேண்டாமா? ஊர்ல கத்திரிக்காய்க்கு ரெண்டு ரூபா கூடச் சொன்னா சந்தையையே ரெண்டாக்குற ஆளு, இங்க 1,200 டாலர் பில்லுல எதுக்குன்னே கேட்காம கையெழுத்துப் போடுறார். அந்த ஆயுட்கால உத்தரவாதத்தைப் படிச்சுப் பாருங்க. பல இடத்துல ஸ்பிரிங் மட்டும்தான் இலவசம், வர்ற கூலியும் மாட்டுற கூலியும் உங்க தலையில. அப்ப மலிவான 10,000 தடவை ஸ்பிரிங்கைப் போட்டுட்டு ஏழு வருஷத்துக்கொரு தடவை வந்து கூலி வாங்கிட்டுப் போனா யாருக்கு லாபம்?

ஒரே கதவை ரெண்டு விதமான ஸ்பிரிங்கால தூக்கலாம். மெல்லிசான, குட்டையான ஸ்பிரிங். அல்லது கொஞ்சம் தடிச்ச, நீளமான ஸ்பிரிங். புதுசுல ரெண்டும் ஒரே மாதிரிதான் தூக்கும். ரெண்டாவதுல ஒவ்வொரு சுத்துக்கும் சிரமம் கம்மி, அதனால ரெண்டு மூணு மடங்கு நாள் உழைக்கும். மாட்டுற கூலி ரெண்டுக்கும் ஒண்ணு. பொருள் விலையில சில பத்து டாலர்தான் வித்தியாசம். ஆனா நீங்களாக் கேட்காம இதைச் சொல்ல மாட்டாங்க. "எத்தனை தடவைக்கு?"ன்னு கேளுங்க, பில்லுல எழுதித் தரச் சொல்லுங்க. ரெண்டு ஸ்பிரிங் இருந்து ஒண்ணு உடைஞ்சா ரெண்டையும் மாத்தச் சொல்றது மட்டும் ஏமாத்து இல்லை. ரெண்டுக்கும் ஒரே வயசு, அடுத்தது வரிசையில நிக்குது.

பணம் போறது ஒரு பக்கம். 2017 அக்டோபர்ல வடக்கு கலிஃபோர்னியாவுல பெரிய காட்டுத்தீ. கரண்ட் போச்சு. கராஜ் கதவைத் திறக்க முடியாம மாட்டிக்கிட்டவங்க உண்டு, உயிரும் போச்சு. அதுக்கப்புறம் அந்த மாநிலம் 2018-ல சட்டம் போட்டு, 2019 ஜூலை 1-லேர்ந்து அங்க விக்கிற வீட்டு மோட்டார்ல எல்லாம் பேட்டரி இருக்கணும்னு ஆக்கிடுச்சு. நல்ல சட்டம்தான், குறை சொல்ல மாட்டேன். ஆனா ஸ்பிரிங் செத்துப் போன கதவுக்குப் பேட்டரி இருந்தும் புண்ணியமில்லை. ஸ்பிரிங் நல்லா இருக்கிற கதவுக்குப் பேட்டரி இல்லாட்டியும் பரவாயில்லை, சிவப்புக் கயிறை இழுத்துட்டுக் கையால தூக்கிட்டுப் போகலாம். ஊர்லேர்ந்து வந்து ஆறு மாசம் நம்மகூட இருக்கிற அம்மா அப்பாவால பகல்ல தனியா இருக்கும்போது அந்தக் கதவைத் தூக்க முடியுமா? அவங்களுக்கு அந்தச் சிவப்புக் கயிறு எதுக்குன்னு யாராவது சொல்லிக் கொடுத்திருக்கோமா? எங்க வீட்டுல அப்பாவை நிக்க வெச்சு மூணு தடவை செய்ய வெச்சேன். "மருதமலைப் படியே ஏறிட்டேன், இதென்ன பெரிய கதவு"ன்னு முணுமுணுத்துக்கிட்டே செஞ்சார்.

சோதனை ரொம்ப எளிசு. கதவு முழுசா மூடியிருக்கும்போது மட்டும் (இது முக்கியம்) சிவப்புக் கயிறை இழுத்து மோட்டார்லேர்ந்து விடுவியுங்க. கையால மெதுவா இடுப்பு உயரத்துக்குத் தூக்கி, கையைத் தளர்த்துங்க. அங்கேயே நின்னா எல்லாம் சுகம். கீழ சரிஞ்சா ஸ்பிரிங் தளர்ந்துடுச்சு, மேல ஓடினா முறுக்கு அதிகம். ரெண்டுக்கும் ஆளைக் கூப்பிடணும். தூக்கவே முடியாத கனம்னா விட்டுடுங்க, மல்லுக்கட்ட வேண்டாம். வருஷத்துக்கு ரெண்டு தடவை சுருள் மேல லேசா எண்ணெய் தெளிச்சா துருவும் சத்தமும் குறையும். கதவோட கீழ்மூலையில கேபிள் மாட்டியிருக்கிற பிராக்கெட் போல்ட்டை மட்டும் எந்தக் காரணத்துக்கும் தளர்த்தாதீங்க. மொத்த இழுவிசையும் அதுலதான் நிக்குது. பல கதவுகள்ல அதைச் சிவப்புப் பெயிண்ட் அடிச்சே வெச்சிருப்பாங்க.

பி.கு: உங்களது பழைய வீடா, தண்டவாளத்து மேல இழு-ஸ்பிரிங்கா? அப்ப சுருளுக்குள்ள ஊடால ஒரு மெல்லிய இரும்புக் கேபிள் போய் ரெண்டு முனையிலயும் கட்டியிருக்கான்னு பாருங்க. ஸ்பிரிங் உடைஞ்சா துண்டு பறக்காம பிடிச்சு வெக்கிறது அதுதான். பல பழைய வீடுகள்ல இது கிடையாது. கடையில சில டாலர்தான் விலை. கதவு முழுசா மேல இருக்கும்போது ஸ்பிரிங் தொய்வா இருக்கும். அப்ப கதவுக்குக் கீழ தண்டவாளத்துல ரெண்டு பக்கமும் கவ்வி போட்டு, மோட்டார் பிளக்கைப் பிடுங்கிட்டு மாட்டணும். இதை நான் என் கையாலயே மாட்டினேன், அரை மணி நேர வேலை. ஏணியைப் பிடிச்சுக்க ஒரு ஆள் இருந்தா நல்லது.